ஆர்லிஸ் கோய்மா பாரம் பங்கிட்ட கதை

லாரி வாசலில் நுழையும்போதே, டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்து, உள்ளே சோளம் எத்தனை பவுண்டு, ஓட்டுகிறவன் எத்தனை பவுண்டு, அவன் காலையில் விழுங்கிய முட்டை எத்தனை என்று தனித்தனியாகச் சொல்லிவிடுவாள் ஆர்லிஸ் கோய்மா. சூ கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் இதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. சரி, முட்டை நான் சேர்த்தது. ஓட்டுகிறவனின் எடையும் நான் சேர்த்ததுதான். ஆனால் சோளம் சத்தியம். அதில் அவள் கணிப்பு இருநூறு பவுண்டுக்கு மேல் பிசகியதை யாரும் பார்த்ததில்லை.

முப்பத்தோரு வருஷமாக அவளுக்குத் தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை. நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு கூண்டு, வெளியே லாரி ஏறி நிற்கும் கான்கிரீட் மேடை. நிறைந்த லாரியை ஒரு தடவை நிறுப்பாள், காலி லாரியை மறு தடவை நிறுப்பாள், சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். அந்த ஜன்னல் விளிம்புதான் அவளை அருவருப்பில் முதல் வகுப்பில் தேற வைத்தது. சூரியகாந்தி விதையைக் கொறித்து உமியை அங்கேதான் துப்புவார்கள். பன்றிக் கொட்டகையிலிருந்து நேரே வந்த முழங்கையை அங்கேதான் ஊன்றுவார்கள். மூக்கைத் துடைத்த கையால் சீட்டை வாங்கிப் பல்லில் கவ்விக்கொண்டு வண்டியைக் கிளப்புவார்கள். சாயங்காலமானால் பிளீச்சிங் தண்ணீர் விட்டு அந்த விளிம்பை மூன்று தரம் கழுவுவாள். கழுவிய துணியை இடுக்கியால் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

இத்தனை அருவருப்புக்கும் ஓர் உச்சாணிக் கொம்பு உண்டென்றால் அது கெரிட். அவள் கணவன் ஹார்லனின் அண்ணன். நாற்பது வருஷம் நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், ஒண்டிக்கட்டை. பேனாக்கத்தியால் கால்நகத்தை நோண்டுவான். அதைக் கால்சட்டையில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அதே கத்தியால் சாசேஜ் நறுக்கி, "எடுத்துக்கோ" என்று நீட்டுவான். விதை உமியைச் சோடா டின்னில் துப்புவான், நிறைந்த டின்னை எங்கே வைத்தோம் என்று மறந்துபோவான். ஒரு நாள் ஹார்லன் அதைத் தன்னுடைய சோடா என்று நினைத்து... வேண்டாம். நான் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கெரிட் எங்கள் தேவாலயச் சபையில் டீக்கன் வேறு. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டு அவன் கையிலிருந்துதான் வரும். அதைத் தொட ஆர்லிஸ் கையுறை மாட்டிக்கொள்வாள் என்று ஒரு பேச்சு உண்டு. ஜனவரிக் குளிரில் நானும்தான் மாட்டிக்கொள்கிறேன்.

அந்த வசந்தத்தில் ஹார்லனுக்குப் பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்தது. நேரே பார்த்தால் மங்கல், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். டாக்டர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அந்த ஓரமாவது நிலைக்குமா என்று கேட்டதற்கு அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். ஹார்லன் அதிகம் பேசுகிறவன் இல்லை. வீட்டுக்கு வந்து காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு ஒரே ஒன்று கேட்டான்.

"மலை பாக்கணும், ஆர்லிஸ். அது பெருசுதானே, ஓரக்கண்ணுலயும் அடங்கும்."

அவனுடைய சித்தப்பா மக்கள் மொன்டானாவில் மலையடிவாரத்தில் பால்பண்ணை வைத்திருக்கிறார்கள். தொள்ளாயிரம் மைல். ஓட்டல் படுக்கையில் தனக்கு முன்னால் யார் படுத்தார்கள் என்று நினைத்தாலே ஆர்லிஸுக்குத் தூக்கம் வராது. ஆகவே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ஒரு வீட்டு டிரெய்லர் வாங்கினாள். பதினாறு அடி நீளம், ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு மேஜை.

கதவைத் திறந்ததும் எலி நாற்றம் மூக்கில் அறைந்தது. மூன்று குளிர்காலமாக எலிகள் அதில் குடும்பம் நடத்தியிருந்தன. மெத்தைப் பஞ்சைப் பிய்த்துத் தொட்டில் கட்டி, அடுப்புக்குப் பின்னால் கழிப்பறை வைத்து, டீத்தூள் டப்பாவில் ஒன்று செத்தும் போயிருந்தது. பழைய சொந்தக்காரர் வாசனைக்காக ஒரு எலுமிச்சைத் திரவத்தைத் தெளித்திருந்தார். எலுமிச்சையும் எலி மூத்திரமும் கலந்தால் என்ன வரும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆர்லிஸ் மூன்று வாரம் முகமூடி கட்டிக்கொண்டு சுரண்டினாள், கழுவினாள், வெயிலில் போட்டாள், மறுபடி கழுவினாள். நாலாவது வாரம் அந்த டிரெய்லர் ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. அன்றைக்குத்தான் கெரிட் சேற்றுப் பூட்ஸோடு உள்ளே ஏறினான்.

"எப்ப கிளம்பறோம்?" என்றான்.

"நாங்க திங்கக்கிழமை" என்றாள் ஆர்லிஸ், அவன் காலையே பார்த்துக்கொண்டு.

"யாரு ஓட்டறது? ஹார்லனுக்குக் கண்ணு சரியில்ல. நீ லாரியைப் பாத்தவ, ஓட்டினவ இல்ல. பின்னாடி இது வாலாட்ட ஆரம்பிச்சா என்ன பண்ணுவ, அம்மணி?"

"வாலாட்டாத மாதிரி கட்டுவேன்."

"பத்து லட்சம் மைல் ஓட்டினவன் சொல்றேன், கேட்டுக்கோ. ஆத்துப் பாலம் வரைக்கும் என் பிக்கப் வண்டில பின்னாடியே வரேன். ஆடாம வந்தா பாலத்தோட நான் திரும்பிடறேன். ஒரே ஒரு ஆட்டம் ஆடினாலும் அங்கேருந்து ஸ்டியரிங் என் கையில. இதோ இந்த மேஜையை மடக்கினா எனக்குப் படுக்கையாச்சு."

பத்து நாள். பதினாறு அடிப் பெட்டிக்குள் கெரிட், கெரிட்டின் காலுறை, கெரிட்டின் டின். காலையில் கண் விழித்தால் எட்டடி தூரத்தில் அவன் கால்நகம். ஆர்லிஸுக்குத் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. ஆனால் எடை விஷயத்தில் தன்னை ஜெயிக்க இவனா என்ற கர்வமும் கூடவே வந்தது. அது மட்டும் திரும்பிப் போகவில்லை.

"சரி" என்றாள். ஹார்லன் சாட்சி.

சனிக்கிழமை பகலோடு கிடங்கை மூடிவிடுவார்கள். அந்த மேடையைப் போல மட்டமான தரை இந்தக் கவுண்டியில் வேறு எங்கே இருக்கிறது? பாத்திரம், படுக்கை, தண்ணீர், ஹார்லனின் நாற்காலி என்று பயணத்துக்கு ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றிவிட்டுத்தான் ஆர்லிஸ் டிரெய்லரை அங்கே கொண்டுவந்தாள். காலி வண்டியை அளந்து, காரோடு இணைக்கும் கொக்கியைக் கட்டுவதும், சாப்பிடுவதற்கு முன்னால் இடுப்பை அளந்து கால்சட்டை தைப்பதும் ஒன்று. பின்பக்கத்து மேஜை இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி அறை உண்டு, வெளியே இருந்து சின்னக் கதவு. அதை வேண்டுமென்றே காலியாக விட்டாள். பின்பாரம் ஏறினால் மூக்கு, அதாவது காரில் மாட்டுகிற முன்முனை, லேசாகும், மூக்கு லேசானால் டிரெய்லர் வாலாட்டும். இது எடைமேடைக்காரிக்கு அரிச்சுவடி.

அதற்காக மூக்குப் பாரம் முழுவதையும் காரின் வாலில் அப்படியே உட்கார வைக்கவும் முடியாது. வால் உட்கார்ந்தால் முகம் தூக்கும், முன்சக்கரம் தரையைப் பட்டும் படாமலும் தொடும், திருப்பினால் திரும்பாது. அதற்குத்தான் பாரம் பங்கிடும் கொக்கி. கொக்கித் தலையிலிருந்து டிரெய்லர் மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டு எஃகுக் கம்பிகள் பின்னோக்கி ஓடும். அவற்றின் நுனியைச் சங்கிலி போட்டு மேலே இழுத்து, டிரெய்லர் சட்டத்திலிருக்கும் தாங்கியில் மாட்டினால் கம்பி வில்லாக வளையும். தள்ளுவண்டியைக் கைப்பிடி பிடித்துத் தூக்குகிற மாதிரிதான். வாலில் உட்கார்ந்த பாரத்தில் ஒரு பங்கு காரின் முன்சக்கரத்துக்கும், ஒரு பங்கு டிரெய்லர் சக்கரத்துக்கும் போய்விடும். சங்கிலியில் எத்தனையாவது கண்ணி என்பதில்தான் வித்தை இருக்கிறது.

முதலில் டிரெய்லர் இல்லாமல் காரின் முன்சக்கர வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்தாள். முப்பத்து நாலரை அங்குலம். மட்கார்டில் சாக்பீஸால் எழுதினாள். டிரெய்லரை ஏற்றி, கம்பி மாட்டாமல் பிடித்தாள். முப்பத்தைந்தே முக்கால். முகம் ஒன்றேகால் அங்குலம் தூக்கியிருந்தது.

கெரிட் பிக்கப்பில் சாய்ந்து நின்று விதை கொறித்துக்கொண்டிருந்தான். த்தூ. த்தூ. ஒவ்வொரு உமியும் அவள் கழுவிய மேடையில் விழுந்தது.

"என்ன தையக்காரி வேலை இது? கண்ணால பாத்தா தெரியாதா? மட்டமா இருக்கு, மாட்டு."

"உன் கண்ணுக்கு உன் காலுறையும் வெள்ளையாத்தான் தெரியும்."

"தள்ளு, நான் மாட்டறேன்." ஒரு இரும்புக் குழாயை எடுத்துச் சங்கிலித் தாங்கியில் செருகி, மூச்சைப் பிடித்து நெம்பினான்.

"முதல்ல ஜாக்கைத் தூக்கு, கெரிட். பாரத்தோட நெம்பாத."

"அம்மணி, நான் பத்து லட்சம்..."

மைல் என்ற சொல் வெளியே வருவதற்குள் குழாய் அவன் கையை விட்டுப் பறந்தது. கிடங்கின் கூரையைத் தாண்டி அடுத்த மாநிலத்தில் விழுந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். கூரை வரைக்கும் போனது. திரும்பி வந்து பிக்கப்பின் முகப்பு விளக்கில் விழுந்தது. இரண்டு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் கெரிட் இப்போது பல் இல்லாமல் விதை கொறித்துக்கொண்டிருப்பான்.

ஆர்லிஸ் டிரெய்லர் மூக்கிலிருந்த ஜாக்கின் கைப்பிடியைச் சுற்றினாள். பூட்டிய மூக்கும் காரின் வாலும் சேர்ந்து மெல்ல எழுந்தன. கம்பியின் இறுக்கம் தளர்ந்தது. சங்கிலியை நாலாவது கண்ணியில் வைத்து, பாத்திர மூடியைப் போடுகிற மாதிரி இரண்டு விரலால் தாங்கியை மேலே தள்ளினாள். கிளிக். மறுபக்கமும் கிளிக். ஜாக்கை இறக்கி டேப் பிடித்தாள். முப்பத்து நாலே முக்கால். தூக்கிய முகம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிட்டது. கடைசியில் எடையையும் நிறுத்துப் பார்த்தாள். டிரெய்லர் மொத்தம் மூவாயிரத்து நானூறு பவுண்டு, மூக்கில் மட்டும் நானூற்று முப்பது. எட்டில் ஒரு பங்கு, மூக்கில் இருக்க வேண்டிய அளவு. சுத்தம்.

கெரிட் தோல்வியை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. டிரெய்லர் மூக்கு உட்காரும் கொக்கிக் குண்டில் தடவியிருந்த கறுப்பு மசகை விரலால் தொட்டு, "இது பத்தாது" என்றான். அதே விரலால், காரின் பானெட்மேல் அவள் வைத்திருந்த தட்டிலிருந்து, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக் துண்டு ஒன்றை எடுத்தான். மசகையும் சர்க்கரையையும் சேர்த்து நக்கினான். பிறகு இன்னொன்றுக்காக, எது பெரியது என்று தட்டு முழுக்கத் துழாவினான். ஆர்லிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிக்கு நடந்தாள். வழியில் ஹார்லன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏன் கொட்டற? நல்லாத்தானே இருக்கு" என்றான்.

நடுப்பார்வை போனதில் அவனுக்கு அந்த ஒரு லாபம்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையில் ஞாயிறு என்றால் ஞாயிறுதான். காலையில் ஒரு ஆராதனை, மாலையில் ஒரு ஆராதனை, பிரசங்கம் நீண்டால் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறும் பெப்பர்மின்ட், நடுவில் காப்பி. அன்றைக்கு வேலை செய்வது பாவம், ஸ்பானரைத் தொடக்கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தைத் தொட்டவன் பெயர் திங்கட்கிழமைக்குள் மூன்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஆனால் சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவது வேலையில் சேராது, அது அன்பு. மொன்டானாவுக்கு யாரோ போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், உறவு முழுக்க அன்போடு வந்து இறங்கிவிடும். ஜாடியில் அடைத்த மாட்டிறைச்சி, பீட்ரூட் ஊறுகாய், ஆப்பிள் கூழ், பாதாம் ரொட்டி. நூற்றைம்பது பவுண்டுக்குக் குறையாது.

ஆர்லிஸ் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கெரிட் என்றுமில்லாத பரோபகாரத்தோடு எழுந்தான்.

"நீ காப்பியைப் பாரு, அம்மணி. நான் போய் ஏத்திட்டு வரேன்."

"சக்கரத்துக்கு மேல நடுவுல வை. பின்னாடி எதுவும் வேண்டாம்."

"எனக்கா சொல்லித் தர?"

சாயங்காலம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த கெரிட், டீக்கன் முகத்தை மாட்டிக்கொண்டான்.

"ஞாயித்துக்கிழமை டேப்பா, ஆர்லிஸ்?"

"டேப் என்ன ஸ்பானரா? ஹார்லன், நீயே சொல்லு. அளக்கறது வேலையா?"

ஹார்லன் யோசித்தான். "முப்பத்தோரு வருஷமா அதுக்குத்தானே உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க" என்றான்.

டேப் இழுப்பறைக்குத் திரும்பியது. காலையில் முதல் வேலை அதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் டேப்போடுதான் வெளியே வந்தாள். கெரிட் அங்கே தயாராக நின்றான், பல்லிடுக்கில் நேற்றைய மாட்டிறைச்சியைக் கத்தி முனையால் தேடிக்கொண்டு.

"என்ன, சனிக்கிழமை அளந்தது ஞாயித்துக்கிழமை சுருங்கிடுச்சா? உன் கட்டு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

அவள் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு லாரியைக்கூட நிறுக்காமல் விடாதவள், சொந்த டிரெய்லரை ஒரு பல் குத்துகிறவனின் இளிப்புக்காக அளக்காமல் விட்டாள்.

பதினோரு மைல் நன்றாகத்தான் போனது. ஆனால் ஸ்டியரிங் என்னவோ கையில் எண்ணெய் தடவின மாதிரி வழுக்குவதாக அவளுக்குப் பட்டது. அப்போது எதிரே ஒரு சோள லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. அது கடந்ததும் பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இடப்பக்கம் ஓர் இழுப்பு. அப்புறம் வலப்பக்கம். அடுத்தது முன்னதைவிடப் பெரிது. கண்ணாடியில் டிரெய்லரின் வெள்ளை முதுகு ஒரு தடவை இந்த ஓரத்தில் தெரிந்தது, ஒரு தடவை அந்த ஓரத்தில்.

வாலாட்டினால் வேகத்தைக் கூட்டு, தானாக நேராகிவிடும் என்பது கெரிட்டின் வேதம். அப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர் தானாகப் பள்ளத்தில் நேராகியிருக்கிறார்கள். ஆர்லிஸ் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள், பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேரே பிடித்தாள். பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து, முன்பலகையில் இருந்த டிரெய்லர் பிரேக்கின் சின்ன நெம்புகோலை மெல்ல அழுத்தினாள். பின்னால் இழுத்துப் பிடித்தது. ஆட்டம் அடங்கியது. அவள் முதுகு முழுக்க வேர்வை.

"போச்சா?" என்றான் ஹார்லன்.

"நின்னுடுச்சு."

"அதைக் கேக்கல. மலையைக் கேட்டேன்."

பின்னால் கெரிட்டின் பிக்கப் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது, கல்யாண ஊர்வலம் மாதிரி. ஒரே ஒரு முகப்பு விளக்கு கண்ணடித்தது.

கூப்பிடு தூரத்தில் ஒரு சிற்றூர், அங்கேயும் ஒரு தானியக் கிடங்கு, ஓர் எடைமேடை. கெரிட் சாவிக்காகக் கை நீட்டிக்கொண்டு வருவதற்குள் ஆர்லிஸ் டிரெய்லரை அங்கே திருப்பிவிட்டாள். கூண்டில் லாம்பர்ட் என்றொரு ஒல்லி மனிதர். இருபது வருஷமாகப் போனில் சோள ஈரப்பதம் பேசிய பழக்கம், முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவருடைய ஜன்னல் விளிம்பிலும் உமி இருந்தது. அதைப் பார்த்ததும் ஆர்லிஸுக்கு ஏனோ கொஞ்சம் தெம்பு வந்தது.

"லாம்பர்ட், உன் மேடையைக் கொஞ்சம் குடு."

"எடுத்துக்கோ. லாரி வர அரை மணியாகும்."

டிரெய்லர் மொத்தம் மூவாயிரத்து எழுநூற்று அறுபது. மூக்கில் இருநூற்று நாற்பதுதான். நானூற்று முப்பதில் வைத்த மூக்கு!

ஜாடிகளின் கணக்கைக் கழித்தாலும் இருநூற்றுச் சொச்சம் இடித்தது. பார்வையாலேயே லாரியை நிறுப்பவளுக்கு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பின்பக்கம் போய், தான் காலியாக விட்ட பெட்டி அறையின் சின்னக் கதவைத் திறந்தாள்.

முதலில் வாசனை வந்தது. அதற்குப் பின்னால்தான் சாமான். ஜாடிகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன, கதவு பக்கத்திலேயே இருக்கிறது, எட்டி வைக்கச் சுலபம். ஜாடிகளுக்குப் பின்னால் இரும்புக் கருவிப் பெட்டி ஒன்று. ஒரு வாணலி, அதில் போன வேட்டைக்காலத்துக் கொழுப்பு உறைந்து அதில் ரோமம் ஒட்டியிருந்தது. இரண்டு பெட்டி சோடா. ஒரு மூட்டை சூரியகாந்தி விதை. சேறு காய்ந்த பூட்ஸ், அதற்குள் சுருட்டி வைத்த காலுறை. அது துவைக்கப்பட்டதா என்று கேட்கவே வேண்டாம், உருக்குலையாமல் வைத்தபடியே விறைப்பாக நின்றது. மூன்று வாரம் தேய்த்துக் கழுவிய அறை. ஆர்லிஸ் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இது யாரோடது, கெரிட்?"

கெரிட் வானத்தைப் பார்த்தான். "எப்படியும் நான் வரப்போறேன்... அதான் முன்கூட்டியே..."

"எப்ப ஏத்தின?"

கெரிட் பூட்ஸ் முனையால் கான்கிரீட்டைச் சுரண்டினான்.

"ஞாயித்துக்கிழமை. என் கையில டேப் இருந்தா பாவம். உன் கையில நூறு பவுண்டு இரும்புப் பெட்டி இருந்தா அன்பு. அதுவும் பின்னாடி. நாற்பது வருஷம் லாரி ஓட்டினவன் பின்பாரம் ஏத்தற! சீ."

"நான் வேணும்னு பண்ணல, அம்மணி. சத்தியமா இல்ல. அங்கதான் இடம் இருந்துச்சு."

அது உண்மை என்று ஆர்லிஸுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. சூது பண்ணியிருந்தாலாவது ஒரு மனுஷனோடு மோதிய மாதிரி இருந்திருக்கும்.

"எங்களோட வரணும்னா கேட்டிருக்கலாமே" என்றான் ஹார்லன்.

"கேட்டிருந்தா?"

"இல்லைன்னு சொல்லியிருப்பேன்" என்றாள் ஆர்லிஸ்.

"அதான் கேக்கல." கெரிட் உமியைத் துப்பப் போனான், அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். "ஆனா பந்தயம் பந்தயம்தான். ஆடுச்சா இல்லையா? ஹார்லன், நீ சொல்லு."

"ஆடுச்சு" என்றான் ஹார்லன். அவன் பொய் சொல்லத் தெரியாதவன், அது அந்தக் குடும்பத்தில் ஒரு வியாதி மாதிரி.

ஆர்லிஸ் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். "ஆடுச்சு. என் தப்பும் இருக்கு. காலைல அளக்காம கிளம்பினேனே, நீ பல்லைக் காட்டினன்னு. உன் காலுறையைவிட அது எனக்கு அசிங்கம். ஆனா நான் கட்டினது மூவாயிரத்து நானூறுக்கு. உன் குப்பையோட சேர்த்துக் கட்டல. இங்கேருந்து பாலம் ஏழு மைல். திரும்பக் கட்டறேன், நீ பின்னாடி வா. ஒரு அங்குலம் ஆடினாலும் சாவி உனக்கு."

கெரிட் லாம்பர்ட்டைப் பார்த்தான். லாம்பர்ட் தோளைக் குலுக்கினார். "எடை தப்புன்னா லோடைத் திரும்ப ஏத்தச் சொல்றதுதான் மேடை வழக்கம்" என்றார்.

லாம்பர்ட்டிடம் ரப்பர் கையுறை ஒரு ஜோடி கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, கெரிட்டின் சாமான் ஒவ்வொன்றையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்து மேடையில் வைத்தாள். காலுறையை மட்டும் பூட்ஸோடு சேர்த்தே எடுத்தாள். லாம்பர்ட் நிறுத்துச் சீட்டுக் கிழித்தார். இருநூற்றுப் பத்து பவுண்டு. சாமானை அவன் பிக்கப்பிலேயே ஏற்றச் சொல்லிவிட்டு, அந்தச் சீட்டை அவள் கெரிட்டின் சட்டைப்பையில் நுனிவிரலால் செருகினாள். அப்புறம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜாடிகளை முன்பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி, இடையில் துணி திணித்தாள். நிறுத்தால் மூக்கில் நானூற்று எழுபது. ஜாக்கைத் தூக்கினாள், சங்கிலி மாட்டினாள், இறக்கினாள், டேப் பிடித்தாள். முகம் கால் அங்குலம் கூடுதலாகத் தூக்கி நின்றது. மறுபடி தூக்கி, ஒரு கண்ணி ஏற்றி மாட்டினாள். முப்பத்து நாலே முக்கால். யாரும் இளிக்கவில்லை.

அந்த ஏழு மைலில் எதிரே மூன்று லாரி வந்தது. தெற்கேயிருந்து காற்றும் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் கார் லேசாகத் தோளைக் குலுக்கியது, டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினாள். கெரிட் பிக்கப்பிலிருந்து இறங்கி வந்து கொக்கியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பாலத்துக்கு அப்பால் இருந்த மேட்டை வெகுநேரம் பார்த்தான்.

"நாலாவது கண்ணியா?" என்றான்.

"அஞ்சாவது. ஜாடி ஏறியிருக்கில்ல."

"ம்." அழுக்குக் கையை நீட்டினான். ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். மசகு, உமி, இன்னதென்று தெரியாத இன்னொன்று. நீட்டிய கையைக் குலுக்காமல் விடுவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமதிப்பு. கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினாள். பாலம் தாண்டும் வரை அந்தக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடியே ஓட்டினாள். அப்பால் முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, முழங்கை வரைக்கும் மூன்று தரம் சோப்புப் போட்டாள்.

மொன்டானா போய்ச் சேர்கிற வரைக்கும், மீதி எண்ணூற்றுச் சொச்சம் மைலில் அந்த டிரெய்லர் ஒரு மயிரிழைகூட வாலாட்டவில்லை. இதை ஆர்லிஸ் வீட்டு மேஜையில் வைத்து நான் உரக்க வாசித்தபோது, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த ஹார்லன் தொண்டையைக் கனைத்தான்.

"ஆடுச்சு" என்றான். "ஒரு தடவை, சவுத் டகோட்டாவுல, அந்தக் காத்துல. கண்ணு தெரியலன்னாலும் உக்கார்ற இடத்துக்குத் தெரியாதா? அவ என்னைப் பாத்தா, நான் ஜன்னலைப் பாத்தேன். அப்புறம் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் அளந்தா. எழுதறதை எழுதிக்கோ, கெரிட் கிட்ட மட்டும் காட்டிடாத."